ஹால் கேமராவில் கணவரின் ராத்திரிப் பேச்சு: விவாகரத்து வழக்கில் செல்லுமா?

மல்லிகைப்பந்தல்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோவைப் பக்கம். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு பையன் இருக்கிறான். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள வசதியாக ஹாலில் ஒரு வைஃபை கேமரா மாட்டினோம். வாங்கி வந்து மாட்டியது என் கணவர்தான். ஆப் எங்கள் இரண்டு பேர் போனிலும் இருக்கிறது. நாளடைவில் அவர் அதை மறந்தே போய்விட்டார் போல.

போன மாதம், மாமியார் ராத்திரியில் எழுந்து நடமாடுகிறாரா என்று பார்க்கப் பழைய பதிவுகளை ஓட்டினேன். என் கணவர் சோபாவில் உட்கார்ந்து ஒரு பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், அந்தப் பெண்ணின் குரலும் கேட்கிறது. என்ன பேசினார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். வெறும் நட்பு என்று யாரும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். தேடத் தேட இன்னும் சில இரவுகள் கிடைத்தன.

விவாகரத்து மனு போடலாம் என்று இருக்கிறேன். தெரிந்த வக்கீல் ஒருவர், “ரகசியமா எடுத்ததெல்லாம் கோர்ட்டில் நிக்காதும்மா” என்கிறார். யூடியூபில் ஒருவர், “சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, தாராளமா ரெக்கார்ட் பண்ணுங்க” என்கிறார். என் தம்பியோ, மாமா போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டால் வாட்ஸ்அப் முழுக்க நம் கைக்கு வந்துவிடும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

கேமரா_சேகர்:
வக்கீல்கள் வந்து சட்டம் பேசுவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள் சகோதரி. நான் சிசிடிவி மாட்டும் தொழிலில் இருக்கிறேன். இந்த வகைக் கேமராவில் மெமரி கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். நீங்கள் பார்த்த இரவுகள் இன்னும் கொஞ்ச நாளில் தானாகவே போய்விடும். போதாததற்கு ஆப் அவர் போனிலும் இருக்கிறது என்கிறீர்கள், அங்கிருந்தே கார்டை ஃபார்மட் செய்துவிட முடியும்.

கேமராவை ஆஃப் செய்து கார்டைக் கழற்றி எடுங்கள். புதுக் கார்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கார்டு இல்லை என்று அவருக்கு அறிவிப்பு போகலாம். கழற்றியதை லேப்டாப்பில் செருகி அங்கே இங்கே நகல் எடுக்க வேண்டாம். ஆப்பில் டவுன்லோடு செய்யும் கிளிப் வேறு, கார்டில் இருக்கும் மூலப் பதிவு வேறு. பின்னால் எல்லாரும் கேட்கப்போவது மூலத்தைத்தான்.

வைகைக்கரை_வக்கீல்:
சேகர் சொன்னதை இன்றைக்கே செய்யுங்கள் மேடம். இனி சட்டம். உங்கள் காகிதம் எதையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்கிறேன்.

உங்கள் வக்கீல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைத் தீர்ப்பை மனதில் வைத்துப் பேசியிருப்பார். 2024 அக்டோபர் 30. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில், மனைவியின் போன் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கணவர் தாக்கல் செய்திருந்தார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிக் கொண்டுவந்த ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டார்.

யூடியூப்காரர் சொல்வது 2025 ஜூலை 14ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா. வழக்கு பஞ்சாபில் பட்டிண்டா குடும்ப நல நீதிமன்றத்தில் தொடங்கியது. கணவர் தன் மனைவியோடு தான் பேசியதையே 2010லும் 2016லும் அவருக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். மெமரி கார்டு, சிடி, எழுத்து வடிவம் என்று எல்லாவற்றையும் கொடுத்தார். குடும்ப நல நீதிமன்றம் 2020ல் அனுமதித்தது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2021ல் அந்தரங்க உரிமை மீறல் என்று அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவைத் தள்ளிவிட்டுப் பதிவை ஏற்கச் சொன்னது.

காரணம் பழைய சாட்சியச் சட்டத்தின் 122ம் பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 128. தம்பதி தங்களுக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது அதன் விதி. ஆனால் அவர்களுக்குள்ளேயே வழக்கு என்று வந்துவிட்டால் அந்தத் தடை கிடையாது என்று அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. இப்படி அனுமதித்தால் வீட்டுக்கு வீடு வேவு பார்ப்பார்களே என்ற வாதத்தையும் நீதிபதிகள் கேட்டார்கள். வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டாலே அந்த உறவில் நம்பிக்கை போய்விட்டது என்றுதான் பொருள் என்று சொல்லி அதை ஒதுக்கினார்கள்.

யூடியூப்காரர் முழுங்கிவிட்ட இடம் ஒன்று உண்டு. பட்டிண்டா வழக்கில் பதிவானது கணவன் மனைவி பேச்சு. உங்களிடம் இருப்பது கணவர் மூன்றாம் ஆளோடு பேசியது. அதற்கு இந்த 122 தடையாகவும் வராது, துணையாகவும் வராது. உங்களுக்குக் கைகொடுப்பது வேறு இரண்டு. ஒன்று, சாட்சியம் எப்படிக் கிடைத்தது என்பதைவிட வழக்குக்குப் பொருத்தமானதா என்றுதான் பார்க்க வேண்டும் என்ற பழைய நிலைப்பாடு. பம்பாயில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனர் என்ற அதிகாரி ஒருவர் மீதான லஞ்ச வழக்கில் போன் பேச்சை டேப் செய்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு, 1984 குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14ம் பிரிவு. தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி நினைத்தால், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா இல்லையா என்று பார்க்காமலே வாங்கிக்கொள்ளலாம். கோவையில் குடும்ப நல நீதிமன்றம் இருப்பதால் இது உங்களுக்குக் கிடைக்கும்.

உங்கள் வழக்குக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போவது டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. படுக்கையறைக் கேமராவில் மனைவி தோழியோடு போனில் பேசியது பதிவாகியிருந்தது, அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எதிர்ப்பக்கத்தில் ஆந்திர உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. மனைவி தன் பெற்றோரோடும் தோழிகளோடும் பேசியதைக் கணவர் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தார், கூடவே கூடாது என்று தள்ளிவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். நீங்கள் சொல்ல வேண்டிய பதில் சுலபம்: இது ரகசியக் கேமராவே கிடையாது. அவரே வாங்கி, அவரே ஆணி அடித்து மாட்டியது. அந்தக் கேமராவுக்கு பில் இருக்கிறதா, ஆன்லைன் ஆர்டர் யார் பெயரில் என்று பாருங்கள்.

தம்பி சொல்லும் ஆப் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66. மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கணவர் போன் என்பதால் விதிவிலக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு பெண்ணின் மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ம் பிரிவு வரும். அந்தப் பெண் புகார் கொடுத்தால் மாட்டிக்கொள்வது உங்கள் தம்பி. உச்ச நீதிமன்றம் சாட்சியத்தை ஏற்கலாம் என்றுதான் சொன்னது. எடுத்த விதம் குற்றமாக இருந்தால் அதற்கு மன்னிப்பு வழங்கவில்லை.

பாயும்_புலி:
இவ்வளவு சட்டம் எதற்கு? அந்த கிளிப்பை அவங்க சொந்தக்காரங்க குரூப்பில் போட்டு விடுங்க மேடம். ஒரே ராத்திரியில் முடிஞ்சிடும்.

வைகைக்கரை_வக்கீல்:
முடியும், உங்கள் வழக்குதான் முடியும். அந்தப் பெண் ஒரு அவதூறு வழக்கு, இவர் ஒரு அவதூறு வழக்கு. மனைவி என்னைப் பொதுவில் கேவலப்படுத்தினாள் என்று உங்கள் மீதே மனக்கொடுமை என்று திருப்பி எழுதுவார்கள். குடும்ப வழக்கைக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பாதுகாப்பை நீங்களே ஏன் உடைக்கிறீர்கள்?

பூவரசு:
நான் வேறு கோணத்தில் பேசப் போகிறேன், மல்லிகைப்பந்தல் தவறாக நினைக்க வேண்டாம். எனக்கு அந்த 2025 தீர்ப்பு பிடிக்கவே இல்லை. 2017ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். தாலி கட்டியதும் அது பாதியாகிவிடுமா?

நம் வீடுகளில் சிம் யார் பெயரில் இருக்கிறது? கேமரா பாஸ்வேர்டு யாரிடம்? மனைவியின் போனைத் திறந்து பார்ப்பதை உரிமை என்று நினைக்கும் ஆண்கள் எத்தனை பேர்? இங்கே ஒரு மனைவி கையில் ஆதாரம் கிடைத்ததால் நமக்கு நியாயமாகத் தெரிகிறது. கணக்குப் பார்த்தால் பதிவு செய்யும் வசதி பெரும்பாலும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மதுரைத் தீர்ப்பிலும் பட்டிண்டா வழக்கிலும் பதிவோ விவரமோ எடுத்தது கணவர்தான் என்பதைக் கவனியுங்கள். வக்கீல் ஐயா சொன்ன டெல்லி, ஆந்திரா இரண்டிலும்கூட அப்படித்தான்.

வைகைக்கரை_வக்கீல்:
பூவரசு, உங்கள் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. ஆனால் நியாயமான விசாரணைக்கான உரிமையும் அதே அரசியலமைப்பிலிருந்துதான் வருகிறது. நாலு சுவருக்குள் நடக்கும் கொடுமைக்கு வேறு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? குடும்ப வழக்கில் பாதி நேரம் நான் பார்ப்பது “அவர் திட்டினார்”, “இல்லை, அவள்தான் திட்டினாள்” என்ற இரண்டு பிரமாண வாக்குமூலங்களைத்தான். பதிவு இல்லாமல் தோற்றுப்போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

பூவரசு:
ஏற்கவில்லைதான். ஆனால் ஹால் கேமராவையும் உளவு ஆப்பையும் ஒன்றாகப் பேசாமல் பிரித்துச் சொன்னீர்களே, அதற்கு நன்றி.

தண்டவாளம்:
நான் மறுபக்கத்து ஆள். என் முன்னாள் மனைவி என்னைப் பதிவு செய்து கோர்ட்டில் கொடுத்தார். கள்ளத்தொடர்பு வழக்கல்ல, சண்டைதான். அதில் நான் கத்துவது கேட்கும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது கேட்காது. பதிவே என் கத்தலில்தான் தொடங்குகிறது.

ஆட்சேபத்தோடு அதைச் சாட்சிய ஆவணமாகக் குறியீடு செய்துகொண்டார்கள். என் வக்கீல் குறுக்கு விசாரணையில் குரல் யாருடையது என்றெல்லாம் நேரத்தை வீணாக்கவில்லை. மூல ஃபைல் எங்கே, எந்தப் போன், முழு நீளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். போன் தொலைந்துவிட்டது, தங்கை கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்தோம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பதிவை அவர்கள் தரப்பே பெரிதாகப் பேசவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தோம்.

மேடம், உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கார்டை நல்ல இடம் கெட்ட இடம் என்று வெட்டாமல் முழுசாகக் கொடுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத பகுதி இருந்தாலும்.

மல்லிகைப்பந்தல்:
எல்லோருக்கும் நன்றி. கார்டை மாற்றிவிட்டேன். பழையதை ஒரு கவரில் போட்டு ஒட்டி, அம்மா வீட்டு பீரோவில் வைத்தாயிற்று. கேமரா ஆர்டர் அவர் பெயரில் இருக்கிறது, அவர் மெயிலில். தம்பியிடம் ஆப் பேச்சை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு புதுக் குழப்பம். பதிவில் ஓரத்தில் மணி காட்டுமே, அது 1.40 என்று காட்டுகிறது. ஆனால் அவர் பேசியது அந்நேரத்தில் இல்லை. பின்னாலிருக்கும் சுவர்க் கடிகாரம் படத்தில் தெரிகிறது, அதில் 11.10. எல்லா இரவும் இப்படித்தான் இருக்கிறது. பதிவையே போலி என்று சொல்லிவிடுவார்களா?

கேமரா_சேகர்:
இரண்டரை மணி நேரம் கூடுதலா? அப்படியானால் கேமரா சீன நேரத்தில் ஓடுகிறது. மாட்டும்போது நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டால் இப்படி ஆகும், நான் நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பழைய ஃபைலில் எதையும் சரிசெய்யப் போகாதீர்கள். கேமரா செட்டிங்கில் இப்போது என்ன நேர மண்டலம் இருக்கிறதோ, அந்தத் திரையை உங்கள் போனிலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள். எல்லாப் பதிவிலும் அதே இரண்டரை மணி வித்தியாசம் என்றால் அதுவே உங்களுக்குச் சாதகம். யாராவது ஒட்டு வேலை செய்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக வராது.

கார்டில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹாஷ் மதிப்பு எடுப்பார்கள், எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு வரி. ஃபைலில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த வரி மொத்தமாக மாறிவிடும். அதைத் தெரிந்த ஆளை வைத்து, எழுத முடியாதபடி பூட்டிய கருவியில் கார்டைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கடைப்பையன் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை_வக்கீல்:
சேகர் சொன்ன ஹாஷ் இப்போது சட்டத்திலேயே வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ம் பிரிவு. அட்டவணையில் சான்றிதழ் படிவம் இருக்கிறது, ‘அ’ பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், ‘ஆ’ பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். மதுரை வழக்கில் கணவர் தானே சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார், அதுவும் எடுபடவில்லை. தமிழ்நாட்டில் மின்னணுச் சாட்சிய நிபுணர்களை முறைப்படி அறிவிக்கச் சொல்லி ஒன்றிய அரசுக்கு அந்தத் தீர்ப்பிலேயே உத்தரவு இருக்கிறது. யாரை வைத்து வாங்குவது என்பதை உங்கள் வக்கீலே முடிவு செய்யட்டும், ஆனால் சான்றிதழ் இல்லாமல் போகாதீர்கள். சான்றிதழ் கட்டாயம் என்று 2014லும் 2020லும் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

கடிகார விஷயத்தை அவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். உங்கள் பிரமாண வாக்குமூலத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்: கேமரா காட்டும் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடலாம் என்று.

அடுத்தது, எந்தக் காரணத்தில் மனு போடுவது. இதை யாருமே இங்கே கேட்கவில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்துத் திருமணச் சட்டம் 13ல் பிறன்மனை உறவு ஒரு காரணம், மனக்கொடுமை இன்னொரு காரணம். முதலாவதற்கு உடலுறவு நடந்தது என்று காட்ட வேண்டும். நேரடிச் சாட்சி கேட்க மாட்டார்கள், சூழ்நிலையை வைத்து முடிவு செய்யலாம், சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணமும் வேண்டாம். இருந்தாலும் போன் பேச்சு மட்டும் அதற்குப் போதுமா என்பது சந்தேகம். அந்தப் பெண்ணையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டிவரும், வழக்கு இழுக்கும். மனக்கொடுமைக்கு அதே பேச்சு தாராளமாகப் போதும். வீட்டு ஹாலில், தாயும் மகனும் தூங்கும் நேரத்தில் இன்னொரு பெண்ணோடு இப்படிப் பேசுவதை எந்த மனைவியும் தாங்க வேண்டியதில்லை. நிரூபிக்க முடியாத நடத்தைக் குற்றச்சாட்டே எதிராளிக்கு மனக்கொடுமை ஆகிவிடும் என்று 2003ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறக்க வேண்டாம். காவல் நிலையம் போய்ப் பயனில்லை, பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 497ம் பிரிவு 2018லேயே போய்விட்டது.

கூடுதல் ஆதாரம் வேண்டுமென்றால் நீதிமன்றத்தைக் கேட்கச் சொல்லுங்கள். கணவரின் அழைப்பு விவரம், ஓட்டலில் தங்கிய விவரம் ஆகியவற்றை வரவழைக்க மனுப் போடலாம். டெல்லியில் 2023ல் ஒரு மனைவிக்கு அப்படி அனுமதி கிடைத்தது. இவர் பேசியது வாட்ஸ்அப் காலில் என்றால் அழைப்பு விவரத்தில் அது வராது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சி_அக்கா:
மகளிர் உதவி மையம் ஒன்றில் ஆலோசனை சொல்லும் வேலை எனக்கு. கண்ணு, ஒன்று கேட்கிறேன். பையன் படிப்பு, வீட்டு வாடகை, உன் நகை எங்கே இருக்கிறது, கூட்டுக் கணக்கில் என்ன இருக்கிறது, இதையெல்லாம் எழுதி வைத்தாயா? கார்டைப் பத்திரப்படுத்திய அதே வேகத்தில் பாஸ்புக்கையும் அவர் சம்பளச் சீட்டின் நகலையும் எடுத்து வை. ஜீவனாம்சம் பேசும்போது நீதிபதி சோபா பேச்சைக் கேட்க மாட்டார், வருமானத்தைக் கேட்பார். பையன் யாரிடம் என்பதிலும் பையனின் நலனைத்தான் பார்ப்பார்கள். அப்பா தப்பு செய்தார் என்பதால் மட்டும் தானாக உன் பக்கம் வந்துவிடும் என்று நினைக்காதே.

பதிவு இருக்கிறது என்று தெரிந்தாலே பல பேர் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார்கள். வழக்கறிஞர் மூலமாகச் சொல்லு. நீயே நேரில் காட்டிப் பணம் பேசாதே, மிரட்டினாள் என்று திருப்புவார்கள்.

மல்லிகைப்பந்தல்:
அக்கா, பாஸ்புக் யோசனை எனக்கு வரவே இல்லை. நாளைக்கே எடுக்கிறேன்.

வக்கீல் சார், இன்னொன்று. ஒரு பதிவில் மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்து ஹால் வழியாக வருகிறார். “யாருடா இந்நேரத்துல?” என்று கேட்கிறார். இவர் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, “ஆபீஸ்மா, நீ போய்ப் படு” என்கிறார். மாமியாரைச் சாட்சியாகக் கூப்பிடலாமா? அவர் என்னிடம் பிரியமாகத்தான் இருப்பார்.

வைகைக்கரை_வக்கீல்:
அந்த ஒரு நிமிடம் மற்ற எல்லாப் பதிவையும்விட உங்களுக்குப் பயன்படும் மேடம். ஒளிவுமறைவு இல்லாத நட்பு என்று அவர் சொல்லப் போகிறார் என்றால், அம்மாவிடம் ஏன் பொய் சொன்னார் என்று கேட்க அது போதும். எழுத்து வடிவம் தயாரிக்கும்போது அந்தப் பகுதியை அப்படியே, அந்தப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். திருத்தி எழுதினால் பதிவும் எழுத்தும் ஒத்துப்போகாது.

மாமியாரைக் கூப்பிட வேண்டாம். கூண்டில் ஏறினால் மகனுக்காகத்தான் பேசுவார், பிரியம் அங்கே உதவாது. பதிவில் இருக்கிறாரே, அதுவே போதும்.

பாயும்_புலி:
மேல நான் சொன்னதை விட்டுடுங்க மேடம். கேமரா இன்னும் ஹாலில்தான் இருக்கா? அவர் கண்ணில் படாதா?

மல்லிகைப்பந்தல்:
அதே இடத்தில்தான் இருக்கிறது. நேற்று அதன் கீழே நின்றுதான் சட்டை இஸ்திரி போட்டார். வியாழக்கிழமை புது வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போகிறேன், சான்றிதழ் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று இங்கே எழுதுகிறேன்.